கஞ்சாவுக்கு ரசீது கொடுக்கும் ஊர்

பாங்காக்கின் சுகும்வித் சாலையில் காலைக் காபிக்கு இறங்கி நடந்தால், காபிக் கடைக்கு முன்பே கஞ்சாக் கடை வந்துவிடுகிறது. விரல் விரலாய் விரிந்த பச்சை இலை ஒன்று பட்டப்பகலிலும் நியான் விளக்கில் எரிந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் மசாஜ் நிலையம், அடுத்து நாணயம் மாற்றும் கடை, அதைத் தாண்டினால் மறுபடியும் ஓர் இலை. தமிழ்நாட்டில் இந்தச் செடியைப் பற்றி நான் படித்ததெல்லாம் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில்தான். இத்தனை கிலோ பறிமுதல், இத்தனை பேர் கைது என்று தலைப்பு இருக்கும். முகத்தை மூடிய இளைஞர்கள் தரையில் உட்கார்ந்திருக்க, பின்னால் போலீசார் நிற்கும் படம் இருக்கும். அதே சரக்கு இங்கே ஏசி அறையில், கண்ணாடி ஜாடியில், விலைச்சீட்டோடு உட்கார்ந்திருக்கிறது.

நான் போனது 2025 செப்டம்பரில். அப்போது இந்தியர்களுக்கு விசா தேவைப்படவில்லை. இணையத்தில் ஒரு வருகைப் படிவத்தை நிரப்பினால் போதுமாக இருந்தது. கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்கலாமா என்ற வாதம் நம் ஊரிலும் அவ்வப்போது கிளம்பும், தொலைக்காட்சியில் ஒரு மணி நேரம் கத்திவிட்டு அடங்கும். ஆசியாவில் முதன்முதலாக அதைச் செய்து பார்த்த நாடு தாய்லாந்து. செய்து பார்த்து, மூன்று வருடத்தில் பாதி தூரம் பின்வாங்கிய நாடும் அதுதான். வாதத்தைக் கேட்பதைவிட அந்தத் தெருக்களில் நடந்து பார்ப்பது மேல் என்று தோன்றியது.

நான் போய் இறங்கியதற்குச் சில வாரங்கள் முன்புதான் அனுதின் சார்ன்விரகுல் தாய்லாந்தின் பிரதமராகியிருந்தார். இந்தக் கடைகளுக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர் அவர். 2019 தேர்தலில் அவருடைய பூம்ஜாய்தாய் கட்சி, வீட்டுக்கு ஆறு கஞ்சாச் செடி வளர்க்க அனுமதி தருவோம் என்று வாக்குக் கேட்டது. கட்சியின் கோட்டை புரிராம். வடகிழக்கே இசான் என்று அழைக்கப்படும் வறண்ட மேட்டு நிலத்தில் இருக்கும் மாகாணம் அது. நெல்லும் மரவள்ளியும் போட்டுக் கடனில் கிடக்கும் விவசாயிகளுக்கு, காசு கொட்டும் பயிர் ஒன்று வரப்போகிறது என்ற பேச்சு இனித்தது. நம் ஊரில் இலவச மிக்ஸி என்றால் அங்கே இலவசச் செடி. தேர்தலுக்குப் பின் அனுதின் சுகாதார அமைச்சரானார். 2022 ஜூன் 9 அன்று கஞ்சாச் செடியும் பூவும் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீங்கின. பத்து லட்சம் செடிகளை மக்களுக்கு இலவசமாக வழங்குவதாக அரசு அறிவித்தது. கஞ்சா வழக்கில் சிறையில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே வந்தார்கள். கடைசியாகச் சொன்ன அந்த ஒன்றுக்காக மட்டும் நான் தாய்லாந்துக்கு ஒரு கும்பிடு போடுவேன்.

மற்றதில்தான் கோளாறு. பட்டியலிலிருந்து எடுத்த அரசிடம், எடுத்த இடத்தில் வைக்க ஒரு சட்டம் தயாராக இல்லை. இது மருத்துவத்துக்குத்தான், கேளிக்கைக்கு அல்ல என்று அமைச்சர் மேடைக்கு மேடை சொன்னார். ஆனால் கடையில் போய் வாங்குகிறவன் நோயாளியா இல்லையா என்று கேட்க எந்த விதியும் கிடையாது. ஒரு வாரம் கழித்து விழித்துக்கொண்டு, 20 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் விற்கக்கூடாது என்றார்கள். பொது இடத்தில் புகைத்தால் அபராதம் என்றார்கள். இன்னும் சில மாதம் கழித்து, தானியங்கி இயந்திரத்திலும் இணையத்திலும் விற்கக்கூடாது என்றார்கள். முழுமையான சட்டத்துக்கான மசோதா நாடாளுமன்றத்தில் கட்சிகளின் இழுபறியில் சிக்கிக் கிடந்தது. அதற்குள் 2023 தேர்தல் வந்துவிட்டது. அடுத்து வந்த பிரதமர் ஸ்ரெத்தா தவிசின், திரும்பவும் போதைப்பொருள் பட்டியலில் சேர்ப்போம் என்று 2024 மே மாதம் சொன்னார், ஜூலையில் பின்வாங்கினார். இந்தக் குழப்பத்துக்கு நடுவே கடைகள் மட்டும் பெருகிக்கொண்டே போய்ப் பதினெட்டாயிரம் வரை ஆகிவிட்டன.

2025 ஜூனில் கூட்டணி உடைந்தது. கம்போடியாவின் முன்னாள் பிரதமர் ஹுன் சென்னோடு அன்றைய பிரதமர் பேதோங்தார்ன் பேசிய தொலைபேசி உரையாடல் கசிந்ததில் பூம்ஜாய்தாய் அரசை விட்டு வெளியேறியது. கஞ்சாவின் காவலர்கள் வெளியே போனதும், ஒரு வாரத்துக்குள் புதிய ஆணை வந்தது: இனி மருத்துவச் சீட்டு இல்லாமல் பூவை விற்கக்கூடாது. மக்களின் உடல்நலம் பற்றிய ஆணை, அமைச்சரவையில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து வருகிறது, போகிறது. இதில் தாய்லாந்தைக் கேலி செய்ய நமக்குப் பெரிய யோக்கியதை இல்லை. மதுவிலக்கு வந்துபோன கதை நமக்கும் தெரியும்.

சீட்டு முறை எப்படி நடக்கிறது என்று பார்க்க, சிலோம் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருந்த கடைக்குள் நுழைந்தேன். நகைக்கடை போல இருந்தது. கண்ணாடி மேசைக்குள் வரிசையாக ஜாடிகள். ஒவ்வொன்றின் மூடியிலும் பூதக்கண்ணாடி பதித்திருந்தது. உள்ளே கட்டை விரல் அளவுக்கு இறுகிச் சுருண்ட பச்சைப் பூக்கள், மேலே சர்க்கரை தூவியது மாதிரி பிசின் துகள்கள், இடையிடையே செம்மண் நிற நார். நம் ஊர்ப் போலீஸ் படத்தில் காயவைத்த புல் மாதிரி கட்டுக்கட்டாகக் கிடக்குமே, அந்த ஜாதியே இல்லை இது. கடைப்பெண் இடுக்கியால் ஒரு பூவை எடுத்து என் மூக்கருகே நீட்டினாள். எலுமிச்சைத் தோலும் டீசலும் கலந்த வாடை. ஜாடியில் ஒட்டிய சீட்டில் டிஎச்சி 27 சதவீதம் என்று இருந்தது. போதை தருவது அந்த வேதிப்பொருள்தான். 1970களில் மேலை நாடுகளில் புழங்கிய கஞ்சாவில் அது நான்கைந்து சதவீதத்தைத் தாண்டாது. சித்தர் காலத்திலேயே இருந்தது, சிவனே குடித்தார் என்று வாதம் செய்கிறவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்துச் செடி வேறு, விளக்குக்கு அடியில் குளிர்சாதன அறையில் ஊட்டி வளர்த்த இந்தச் செடி வேறு.

எனக்கு முன்னால் ஓர் ஆஸ்திரேலிய இளைஞன் நின்றான். கடைப்பெண் ஒரு டேப்லெட்டை அவனிடம் நீட்டினாள். பெயர், பாஸ்போர்ட் எண், என்ன தொல்லை என்ற கேள்விகள். அவன் தூக்கமின்மை என்ற கட்டத்தைத் தொட்டான். திரையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தோன்றினார்.

“எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை?”

“ரொம்ப நாளாக.”

“வேறு மருந்து எடுக்கிறீர்களா?”

“இல்லை.”

அவ்வளவுதான். படிவம் அச்சாகி வந்தது. அப்போதைய விதிப்படி ஒரு சீட்டுக்கு முப்பது நாள் அளவு வரை வாங்கலாம். சீட்டு எழுதும் தகுதி ஏழு வகையினருக்கு இருந்தது. ஆங்கில மருத்துவர், தாய் மரபு மருத்துவர், சீன மருத்துவர், மருந்தாளர், நாட்டு வைத்தியர் எல்லோரும் அதில் அடக்கம், பல் மருத்துவரும் சேர்த்தி. தூக்கமில்லாத அந்த இளைஞன் கணினி ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மலர்ந்த முகத்தோடு வெளியேறினான். பழனியில் மொட்டைச் சீட்டு வாங்கக்கூட இதைவிட அதிக நேரம் ஆகும்.

எனக்கு என்ன வேண்டும் என்று கடைப்பெண் கேட்டாள். பார்க்கத்தான் வந்தேன் என்றேன். “பார்க்கக் காசு இல்லை” என்று சிரித்தாள். வாடிக்கையாளர் வேறு யாரும் இல்லாததால் பேச்சு கொடுத்தேன். இருவருக்கும் தெரிந்த அரைகுறை ஆங்கிலம், மிச்சத்துக்குக் கைபேசி மொழிபெயர்ப்பு. இசான் பக்கத்துப் பெண். அப்பாவும் அரசின் பேச்சை நம்பி வீட்டுக் கொல்லையில் செடி வைத்தவர்தான். திறந்த வெளியில், மழையில் வளர்ந்த செடி; பூவில் பூஞ்சை பிடித்துவிட்டது. நல்லதாக வந்த கொஞ்சத்தையும் வாங்க ஆளில்லை. கடைக்காரர்களுக்குத் தேவை இந்த ஜாடியில் இருப்பது மாதிரியான ஏசி அறைப் பூ. அதற்கு விளக்கு, குளிர்சாதனம், உரக்கரைசல், மின்கட்டணம் என்று முதல் போட இசான் விவசாயியிடம் எங்கே இருக்கிறது?

“இந்தக் கடையில் உங்கள் அப்பாவின் கஞ்சாவை வாங்குவார்களா?”

“முதலாளி வாங்கமாட்டார்” என்றாள். அப்பா இப்போது மறுபடியும் மரவள்ளி போடுகிறாராம்.

அமெரிக்காவிலிருந்து கள்ளத்தனமாக வந்து இறங்கிய பூக்களும் ஆரம்ப காலத்தில் சந்தையை நிறைத்தன. உள்ளூர் விவசாயிகள் தெருவுக்கு வந்து போராடவே வேண்டியிருந்தது. புதிய ஆணைப்படி, நல்ல சாகுபடி முறைக்கான சான்றிதழ் பெற்ற பண்ணைகளிலிருந்துதான் கடைகள் கொள்முதல் செய்ய வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சான்றிதழுக்கு அலைய அந்த அப்பாவால் முடியுமா என்பது வேறு விஷயம். ஏழை விவசாயியின் பெயரைச் சொல்லித் திறந்த சந்தையில் ஏழை விவசாயியைத் தவிர எல்லோரும் கடை போட்டிருக்கிறார்கள் என்பதுதான் நான் அங்கே கண்டது.

இரண்டொரு நாள் கழித்துப் பிராச்சின்புரிக்கு ரயில் ஏறினேன். கம்போடிய எல்லைப் பக்கம் போகும் கிழக்குத் தடம். மூன்றாம் வகுப்பு மட்டும்தான். ஜன்னல்கள் எல்லாம் திறந்தபடி, தலைக்கு மேல் மின்விசிறி. டிக்கெட் தாய் நாணயத்தில் முப்பது பாத்துக்குள். நகரத்தைத் தாண்டியதும் வயல்கள், வாய்க்கால்கள், தாமரைக் குளங்கள். கூடையில் ஒட்டும் அரிசிச் சோறும் சுட்ட கோழியும் கொண்டுவந்து விற்ற கிழவி, எங்கள் பெட்டியிலேயே பாதியை விற்றுவிட்டாள். தஞ்சாவூர்ப் பக்கம் பாசஞ்சர் வண்டியில் போகிற நினைப்பு வந்தது.

பிராச்சின்புரியில் பார்க்கப் போனது சாவ் ஃபிராயா அபைபூபெத் மருத்துவமனை. வளாகத்தின் முன்னால் மஞ்சள் பூச்சில், ஐரோப்பிய அரண்மனை பாணியில் ஒரு மாளிகை நிற்கிறது. இன்றைய கம்போடியாவில் இருக்கும் பத்தம்பாங் மாகாணத்தை ஆண்ட பிரபு ஒருவர், 1907இல் சயாம் என்ற அன்றைய தாய்லாந்து அந்த நிலத்தைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தபோது இங்கே குடிபெயர்ந்தார். ஐந்தாம் ராமா மன்னர் வந்தால் தங்குவதற்காக 1909இல் இதைக் கட்டினார். மன்னர் தங்கவே இல்லை. அடுத்த வருடமே இறந்துவிட்டார். இப்போது மாளிகை மூலிகை மருத்துவ அருங்காட்சியகம். தரையில் பூவேலைப்பாடு செய்த ஓடுகள், அலமாரிகளில் பழைய சுவடிகள், கல்வங்கள், எடைக்கற்கள். நம் நாட்டு மருந்துக்கடைக்குள் நுழைந்த மாதிரி சுக்கு, மஞ்சள், லவங்கம் எல்லாம் கலந்த மணம்.

தாய்லாந்தின் மரபு மருத்துவத்தில் கஞ்சா புதிதாக நுழைந்த சரக்கு இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் ஆண்ட நாராய் மன்னரின் பெயரால் வழங்கும் மருந்துச் சுவடியில், சுக் சாய் யாத் என்ற சூரணம் இருக்கிறது. உறக்கத்துக்கும் பசிக்கும் கொடுப்பது. கஞ்சா இலை அதில் ஒரு சேர்மானம். நம் சித்த மருத்துவ நூல்களிலும் கஞ்சா சுத்தி செய்து சேர்க்கவேண்டிய சரக்காக வருகிறது. 2018 டிசம்பர் 25 அன்று தாய்லாந்தின் சட்டமன்றம் மருத்துவக் கஞ்சாவுக்கு அனுமதி அளித்தபோது, முதலில் மருந்து செய்யத் தொடங்கியவற்றில் இந்த மருத்துவமனையும் ஒன்று. 2021இல் இதன் உணவகத்தில் கஞ்சா இலை சேர்த்த பண்டங்களையும் பரிமாறினார்கள். சிரிக்கும் ரொட்டி, ஆனந்தக் கூத்தாடும் சாலட் என்று பெயர் வைத்து உலகப் பத்திரிகைகளில் இடம் பிடித்தார்கள். மருத்துவமனைக்கு இது தேவையா என்று எனக்குத் தோன்றத்தான் செய்கிறது.

மூலிகைக் கடையில் இருந்த மருந்தாளர் அம்மாள் பொறுமையாகப் பேசினார். எண்ணெய்க் குப்பி ஒன்றை எடுத்துக் காட்டினார். சுண்டுவிரல் நீளம், அரக்கு நிறக் கண்ணாடி, சொட்டு ஊற்றும் மூடி. நாக்குக்கு அடியில் இரவில் ஒரு சொட்டில் தொடங்குவார்களாம். ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் கூட்டுவார்களாம். புற்றுநோய் மருந்தால் வரும் குமட்டல், சில வகைக் காக்காய்வலிப்பு, தசை இறுக்கம், வேறு எதற்கும் கேட்காத வலி என்று அவர் அடுக்கினார். இதய நோயாளிக்குத் தரமாட்டோம், மனநோய் இருக்கிறவர்களுக்கும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் தரவே மாட்டோம் என்றார். பாங்காக்கில் திரையில் வந்த வெள்ளைச் சட்டைக்காரர் மனநோய் உண்டா என்ற கேள்வியை அந்த இளைஞனிடம் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் புகைக்கிற இளவயதினரிடம் மனச்சிதைவு அதிகம் வருகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன; பரம்பரையில் அந்த நோய் இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். ஒரே செடிதான். ஓரிடத்தில் சொட்டுக் கணக்கு பார்க்கிறார்கள், மற்றோரிடத்தில் கிராம் கணக்கில் அள்ளிக் கொடுக்கிறார்கள்.

டேச்சா சிரிபத்தின் கதையையும் அந்த அம்மாள்தான் நினைவூட்டினார். சுபன்புரியில் நெல் விதைகளைக் காக்கும் அமைப்பு நடத்திய முதியவர் அவர். தன் உடல்நலத்துக்காகக் கஞ்சா எண்ணெய் தயாரித்து, பலன் கண்டதும் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குக் காசு வாங்காமல் கொடுத்தார். 2019 ஏப்ரலில், அதாவது மருத்துவக் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பிறகு, அவர் வெளிநாட்டில் இருந்த நேரத்தில் அதிகாரிகள் இடத்தைச் சோதனையிட்டு உதவியாளரைக் கைது செய்தார்கள். ஊரே கொதித்தெழுந்தது. கடைசியில் அவரையே நாட்டு வைத்தியராக அங்கீகரித்து, அவருடைய எண்ணெயை அரசு மருத்துவமனைகளிலும் கொடுக்கும்படி ஆனது. தாய்லாந்து இந்த இடத்திலேயே நின்றிருந்தால் நான் இந்தக் கட்டுரையை முழுக்க முழுக்கப் பாராட்டாக எழுதியிருப்பேன்.

பாங்காக் திரும்பியதும் சிலோமில் ஒரு பாயைச் சந்தித்தேன். கீழக்கரைக்காரர்; நவரத்தினக் கல் வியாபாரம். சிலோமில் தமிழர்களின் வேர் ஆழமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் சாலையோரத்திலேயே இருக்கிறது. சற்றுத் தள்ளி ஒரு சந்துக்குள் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல். பள்ளிவாசல் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் பரோட்டாவும் சால்னாவும் சொல்லிவிட்டுப் பேசினோம்.

“கெட்டுப்போறவன் கடை இருந்தாலும் கெடுவான், இல்லாட்டியும் கெடுவான்னு சொல்றாங்க தம்பி. அது தப்பு. இப்ப கெடாம இருக்கிறவன் காலடியிலயும் அது வந்து கெடக்குது. எம் மவன் காலேஜ் போற வழியில மட்டும் ஆறு கடை. ஒரு நாள் ரெண்டு நாள் தாண்டிப் போவான். தெனமும் தாண்டிப் போகணும்ல?”

“அப்ப பழையபடி ஜெயில்ல போடணும்ங்கிறீங்களா பாய்?”

அவர் பரோட்டாவைப் பிய்த்தபடி யோசித்தார். “அதுவும் வேணாம். அப்பெல்லாம் சோதனைன்னு பசங்கள நிறுத்துவாங்க. பையில இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, காசு குடுத்துத்தான் வெளிய வரணும். அந்த பயம் இப்ப இல்ல. அத நான் இல்லன்னு சொல்லமாட்டேன்.”

பிறகு அவராகவே குருவிகளைப் பற்றிப் பேச்செடுத்தார். சென்னைக்கும் பாங்காக்குக்கும் இடையே பறந்து, அடுத்தவர் சரக்கைத் தன் பெட்டியில் சுமந்து கூலி வாங்குகிறவர்களுக்குப் பர்மா பஜார் வைத்த பெயர் அது. ஒரு காலத்தில் அவர்கள் சுமந்தது துணி, எலெக்ட்ரானிக்ஸ், தங்கம். இப்போது ஹைட்ரோபோனிக் கஞ்சா; மண்ணில்லாமல் உரக்கரைசலில் வளர்த்த பூ. காற்றுப் புகாத உறையில் அடைத்து, சாக்லேட் பெட்டிக்குள்ளும் காலை உணவு டப்பாவுக்குள்ளும் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். “பாதிப் பசங்களுக்கு உள்ள என்ன இருக்குன்னே தெரியாது தம்பி. டிக்கெட்டும் கைச்செலவும் குடுக்கிறாங்களேன்னு வர்றாங்க. ராமநாதபுரத்துப் பையன் ஒருத்தன் இப்படித்தான் போயி மாட்டிக்கிட்டான். அவங்க உம்மா எனக்குப் போன் போட்டு அழுவுறாங்க. நான் என்ன செய்ய?”

இந்தப் பையன்களில் யாராவது வழியில் சிங்கப்பூரில் விமானம் மாறினால் கதை வேறு. அங்கே அரை கிலோவுக்கு மேல் கஞ்சா கடத்தினால் தூக்கு. 2023 ஏப்ரலில் தங்கராஜு சுப்பையா என்ற 46 வயதுத் தமிழரைத் தூக்கிலிட்டார்கள். ஏறத்தாழ ஒரு கிலோ கஞ்சாவைக் கடத்துவதற்கு உடந்தையாக இருந்தார் என்பது குற்றச்சாட்டு. சரக்கு அவர் கையில் பிடிபடவில்லை. தொலைபேசி எண்களை வைத்து வழக்கு நிரூபிக்கப்பட்டது. பாங்காக்கிலிருந்து இரண்டரை மணி நேரப் பறப்பு. புறப்படும் இடத்தில் ரசீது, போய் இறங்கும் இடத்தில் கயிறு. இரண்டு நாடுகளும் தங்கள் பிள்ளைகளைக் காப்பதற்காகத்தான் இப்படிச் செய்வதாகச் சொல்கின்றன.

நம் நாடு இந்த இரண்டுக்கும் நடுவில், யாருக்கும் புரியாத ஓரிடத்தில் நிற்கிறது. 1985இல் வந்த போதைப்பொருள் சட்டம் கஞ்சாச் செடியையே இரண்டாகப் பிளக்கிறது. பூவும் பிசினும் குற்றம். தனியாக இருக்கும் இலையும் விதையும் கஞ்சா என்ற வரையறைக்குள் வராது. அதனால்தான் காசியில் அரசு உரிமம் பெற்ற பாங் கடை என்று பலகை போட்டு இலை உருண்டையை விற்க முடிகிறது. உத்தரகண்ட் 2018இலேயே நாருக்காகப் போதை குறைந்த ரகத்தைப் பயிரிட உரிமம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, ஆதரவாக விழுந்த 27 வாக்குகளில் இந்தியாவின் வாக்கும் ஒன்று, எதிர்ப்பு 25. அந்த ஆணையம் கூடும் வியன்னாவில் இந்தியா தாராளமாகத்தான் பேசுகிறது. வடசென்னையில் சட்டைப்பையில் ஒரு பொட்டலத்தோடு பிடிபடுகிற பையனுக்கு அது தெரியாது. அவன்மேல் ஒரு வழக்கு விழுந்தால் பாஸ்போர்ட் போச்சு, அரசு வேலை போச்சு, அடுத்த திருவிழாவுக்கு முன்னெச்சரிக்கைக் கைது வேறு. தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொள்கிறவர்மேல் வழக்கு நடத்த வேண்டாம் என்று அதே சட்டத்தின் 64ஏ பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவைச் சொல்லி ஒரு பையனையாவது மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார்கள் என்று எங்கள் வட்டாரத்தில் நான் கேள்விப்பட்டதில்லை.

டாஸ்மாக்கை நடத்துகிற அரசு கஞ்சாவை மட்டும் ஏன் தடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நண்பர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மதுவால் சாகிறவர்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் கஞ்சா வரமுடியாது என்பது உண்மைதான். ஆனால் டாஸ்மாக் எனக்கு எதிர்ப்பக்கத்துச் சாட்சியாகவே படுகிறது. 2003இல் சில்லறை விற்பனையை அரசு கையில் எடுத்த பிறகு, அந்த வருமானத்தை விட்டுவிட்டு இயங்க எந்த ஆட்சியாலும் முடியவில்லை. போதைக்கு ஒருமுறை கல்லாப்பெட்டி வைத்துவிட்டால் பிறகு அதை மூட அரசாங்கத்துக்கே மனசு வராது. பாங்காக்கின் கடைக்காரர்கள் சங்கம் கட்டி, புதிய ஆணைக்கு எதிராகக் கொடி பிடித்ததும் இதே வகைதான்.

விதியை முதலில் எழுதிவிட்டுக் கதவைத் திறந்தவர்களும் இருக்கிறார்கள். உருகுவே 2013இல் சட்டம் இயற்றியது. மருந்துக்கடையில் விற்பனை தொடங்கியது 2017 ஜூலையில்தான். பெயர் பதிவு செய்துகொண்ட உள்ளூர்வாசிக்கு மட்டும், மாதம் 40 கிராம் வரை. சுற்றுலாப் பயணிக்குக் கிடையாது, விளம்பரம் கிடையாது. ஜெர்மனி 2024 ஏப்ரல் முதல் 25 கிராம் வைத்திருப்பதையும் வீட்டில் மூன்று செடி வளர்ப்பதையும் குற்றமில்லை என்றது. கடை திறக்க விடவில்லை. அங்கேயும் சண்டை சச்சரவு ஓயவில்லை. ஆனால் கல்லூரிக்குப் போகிற வழியில் ஆறு இலைப் பலகை முளைக்கவில்லை.

ஆக, அனுமதிக்கலாமா என்று என்னைக் கேட்டால், எதை என்று திருப்பிக் கேட்பேன். வலியில் துடிக்கிற புற்றுநோயாளிக்கு அந்த அரக்கு நிறக் குப்பி கிடைக்க வேண்டும். அதற்கு நம் அரசு மருத்துவமனைகளும் சித்த மருத்துவக் கல்லூரிகளும் இன்றே வேலையைத் தொடங்கலாம். ஒரு பொட்டலத்துக்காக ஒருவனைச் சிறைக்கு அனுப்புவதை நிறுத்த வேண்டும். 2022இல் தாய்லாந்து செய்தவற்றில் காப்பி அடிக்கத் தகுந்தது அந்தச் சிறைக்கதவைத் திறந்தது ஒன்றுதான். தெருக்கோடிக் கடை வேண்டாம். வயதைச் சரிபார்க்கவும், வீரியத்துக்கு வரம்பு கட்டவும், மனநல மருத்துவரை எட்டும் தூரத்தில் வைக்கவும் முடியாத நாட்டில் அது பணக்கார முதலாளிக்குச் சந்தை, ஏழைப் பையனுக்குப் பழக்கம், அவ்வளவில்தான் முடியும்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் யாரேனும் பாங்காக் போகலாம். உங்கள் தெருப் பையன் யாரேனும் போகலாம். இலவச டிக்கெட் தருகிறேன், திரும்பி வரும்போது ஒரு பெட்டியை மட்டும் எடுத்து வா, சென்னை விமான நிலையத்தில் ஒருவர் வாங்கிக்கொள்வார் என்று யாராவது சொன்னால், அது சொந்தக்காரராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாங்காக்கில் வாங்கிய ரசீது மீனம்பாக்கத்தில் செல்லாது. இந்தியச் சட்டத்தில் ஒரு கிலோவுக்கு மேல் பத்து ஆண்டு வரை சிறை. இருபது கிலோவைத் தாண்டினால் குறைந்தது பத்து ஆண்டு, கூடினால் இருபது. பெட்டியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியவரும் பெட்டியைச் சுமந்தவர்தான்.